லுபெரோன் பக்கம் ஒரு ஞாயிறு: எந்த வழியில் போவது, எங்கே நிற்பது?

நீங்கள் கேட்டது இது. ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பாரிஸிலிருந்து தேஜேவே அதிவேக ரயிலில் தென் பிரான்சின் அவிஞ்ஞோன் வந்து இறங்குகிறீர்கள். நீங்களும் மனைவியும், 68 வயது மாமியார், ஆறு வயது மகள், திருச்சியிலிருந்து வந்திருக்கும் மச்சான் என்று ஐந்து பேர். ஞாயிறு முழுவதும் வாடகைக் காரில் கிராமப்புறம் சுற்ற வேண்டும். லாவண்டர் பார்க்க வேண்டும். முடிந்தால் வெர்தோன் பள்ளத்தாக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மச்சானுக்கும் கொஞ்சம் ஓட்ட ஆசை.

வெர்தோனை விட்டுவிடுங்கள். அவிஞ்ஞோனிலிருந்து அங்கே போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்தபின் பள்ளத்தாக்கின் விளிம்புச் சாலையைச் சுற்றிவர அரை நாள் வேண்டும். அன்றிரவே திரும்புவதென்றால் உங்கள் மாமியார் பார்த்தது எல்லாம் கார் கண்ணாடி வழியாகத்தான் இருக்கும். அது தனியாக இரண்டு நாள் ஒதுக்கிப் போகவேண்டிய இடம். லாவண்டருக்குப் பெயர்போன வலான்சோல் மேட்டு நிலமும் அப்படித்தான், ஒரு பக்கத்துக்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

நான் பதினான்கு வருடமாக இந்தப் பக்கம்தான் இருக்கிறேன். ஊரிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வருகிறவர்களை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒரே ஒரு ஞாயிறு என்றால் லுபெரோன் போதும். அவிஞ்ஞோனுக்குக் கிழக்கே, கலவோன் என்ற சிற்றாற்றின் சமவெளிக்கு வடக்கே வோக்ளூஸ் மலைகள், தெற்கே லுபெரோன் மலைத்தொடர். இரண்டு பக்கச் சரிவுகளிலும் கிராமங்கள் பாறைமேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கிராமத்திலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கத்துக் கிராமம் தெரியும். மொத்தச் சுற்று 120 முதல் 130 கிலோமீட்டர்தான். பாரிஸ் கணக்கில் அது ஒன்றுமில்லை. ஆனால் இங்கே அதற்கு மூன்று, மூன்றரை மணி நேர ஓட்டம் ஆகும். ஒரு நாளில் அதற்குமேல் ஓட்டாமல் இருப்பதுதான் நல்லது.

வழியைச் சொல்வதற்கு முன் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஊர்களில் ஞாயிற்றுக்கு ஒரு கடிகாரம் உண்டு. காலை எட்டு மணிக்கு ரொட்டிக்கடையும் சந்தையும் உயிரோடு இருக்கும். பன்னிரண்டரைக்கு மேல் ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கும். ஊர்ப்பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுகளிலும் பெரும்பாலானவை அந்நேரத்துக்குச் சாத்திவிடும். பிறகு இரண்டு மணி வரை ஊரே சாப்பாட்டு மேசையில் இருக்கும். உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டு வரைதான். வந்த புதிதில் நான் ஒரு கிராமத்தில் இரண்டேகாலுக்குப் போய் உட்கார்ந்தேன். அடுப்பை அணைத்துவிட்டோம் என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூட வந்த குழந்தை பசியில் அழுதது இன்றும் நினைவிருக்கிறது. இந்தக் கடிகாரத்தோடு சேர்ந்து போனால் நாள் தானாக ஓடும், எதிர்த்துப் போனால் எங்கேயும் கதவு அடைத்தே இருக்கும்.

ஞாயிற்றுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பிரான்சில் ஏழரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகள் சனி இரவு 10 மணியிலிருந்து ஞாயிறு இரவு 10 மணி வரை பொதுவாகச் சாலையில் ஓடக்கூடாது. கலவோன் பள்ளத்தாக்கின் நடுவே போகும் டி-900 சாலையில் மற்ற நாட்களில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போக வேண்டியிருக்கும். ஞாயிறன்று அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஊருக்கு வெளியே அவர்களைக் கடக்கும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது சட்டம். வளைவில் அந்த இடம் கிடைக்காது. அதனால் பின்னாலேயே பொறுமையாகப் போங்கள். இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

காரைச் சனிக்கிழமையே ஸ்டேஷனில் எடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அலுவலகம் திறந்திருக்கும் என்று நம்பமுடியாது. ஐந்து பேர் என்பதற்காக ஏழு சீட் வேன் எடுக்காதீர்கள். கோர்த், மெனெர்ப் போன்ற ஊர்களின் தெருக்கள் கழுதைக்கும் வண்டிக்கும் போட்டவை. நடுத்தர அளவுக் காரே போதும். மகளுக்கு உயர்த்தும் இருக்கையை முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அளவுக்கேற்ற இருக்கை கட்டாயம்.

மச்சான் ஓட்டலாம். ஆனால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராக அவர் பெயரும் ஏறியிருக்க வேண்டும். பெயர் ஏறாமல் ஒரு கீறல் விழுந்தாலும் காப்பீடு கைவிரித்துவிடும். காலையில் அவிஞ்ஞோனிலிருந்து சந்தை வரையிலான சமதரைச் சாலையை மட்டும் அவருக்குக் கொடுங்கள். ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவருக்கு, இங்கே இடப்பக்கம் உட்காரும்போது காரின் வலது விளிம்பு எங்கே முடிகிறது என்ற கணக்கு தப்பும். தன்னையறியாமல் வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போவார். மலைச்சாலையில் அந்த வலப்பக்கத்தில்தான் கல் பதித்த வடிகாலும் முழங்கால் உயரக் கல்சுவரும் இருக்கின்றன. நம்மவர்கள் இரண்டு பேர் அங்கே டயரைக் கிழித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

சாலை விதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். கிராமப்புறத்துக்கு மட்டும் இரண்டு விஷயம். ஊர்ப் பெயர்ப்பலகை தெரிந்த நொடியிலிருந்து வேகம் 50. அதே பெயர் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு வந்தால் ஊர் முடிந்தது. வேறு பலகை எதுவும் இருக்காது, ஊர்ப் பெயரேதான் பலகை. இரண்டாவது, சிறிய ஊர்ச் சந்திப்புகளில் கோடோ பலகையோ இல்லையென்றால் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. திராட்சைத் தோட்டத்துக்குள்ளிருந்து பழைய காரில் வரும் பெரியவர் நிற்காமல் ஏறிவருவார். அந்த உரிமை அவருக்கு இருக்கிறது.

இனி வழி. காலை ஏழே முக்காலுக்குக் கிளம்புங்கள். முதல் நிறுத்தம் லீல்-சுர்-லா-சோர்க், 25 கிலோமீட்டர். சோர்க் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து ஊரைச் சுற்றி ஓடுகிறது. ஒரு காலத்தில் பட்டு, கம்பளி ஆலைகளை ஓட்டிய பெரிய நீர்ச்சக்கரங்கள் பாசி படிந்து இன்றும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஞாயிறு காலைச் சந்தை இந்த வட்டாரத்திலேயே பெரியது. ஒரு பக்கம் காய்கறி, பாலாடைக்கட்டி, ஆலிவ். இன்னொரு பக்கம் பழம்பொருள் கடைகள், பழைய பித்தளைத் தாழ்ப்பாளிலிருந்து அலமாரி வரை. பழம்பொருளுக்கென்றே பெயர்போன ஊர் இது. எட்டரைக்குள் போய்விட்டால் ஆற்றோரம் கார் நிறுத்த இடம் கிடைக்கும். ஒன்பதரைக்கு மேல் நானே முயற்சி செய்வதில்லை.

இங்கே ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். மதியச் சாப்பாட்டை இங்கேயே கட்டிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஐந்து பேர், அதில் ஒரு குழந்தை, ஒரு பெரியவர் என்றால் உணவகத்தில் இரண்டு மணி நேரம் போய்விடும். நல்ல வெயில் நேரம் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவது எல்லோருக்கும் சுகம். ரொட்டி, வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி, தக்காளி, ஊறவைத்த ஆலிவ். ஜூனில் செர்ரி முடிகிற காலம், பக்கத்து ஊரான கவாயோனின் மெலன் என்ற முலாம்பழம் ஏறுகிற காலம். மெலனை வாங்கும்போது கடைக்காரர் ‘இன்றைக்கா, நாளைக்கா?’ என்று கேட்பார். ‘இன்று மதியம்’ என்று சொன்னால் காம்பைத் தடவி, மோந்து பார்த்து, அதற்கேற்ற பழத்தை எடுத்துக் கொடுப்பார். 1864இல் கவாயோன் நகர நூலகம் எழுத்தாளர் அலெக்ஸாந்தர் துமாவிடம் புத்தகம் கேட்டது. அவர் தன் நூல்களைத் தருவதாகவும், பதிலுக்கு ஆயுள் முழுவதும் வருடம் பன்னிரண்டு மெலன் அனுப்பவேண்டும் என்றும் எழுதினார். நகரம் ஒப்புக்கொண்டது. சாப்பிட்டுப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் தெரியும்.

மாமியார் சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. கறுப்பாக அரைத்து வைத்திருக்கும் ஆலிவ் விழுது, தாப்பெனாத், பார்வைக்குச் சைவம்போல் இருக்கும். பெரும்பாலும் அதில் நெத்திலி மாதிரியான ஆன்ஷுவா மீன் கலந்திருக்கும். கேட்டு வாங்குங்கள். ஃபுகாஸ் என்ற தட்டை ரொட்டியிலும் சில வகைகளில் பன்றிக்கறித் துண்டு இருக்கும். ஆலிவ் ஃபுகாஸ் என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

அங்கிருந்து ஏழு கிலோமீட்டரில் ஃபோந்தேன்-த-வோக்ளூஸ் இருக்கிறது. சோர்க் ஆறு ஒரு செங்குத்துப் பாறையின் அடியிலிருந்து ஒரேயடியாகப் பிறக்கும் இடம். பிரான்சின் மிகப் பெரிய ஊற்று அது. 1985இல் ஓர் எந்திரத்தை உள்ளே இறக்கி 308 மீட்டர் ஆழத்தில் மணல் அடித்தளத்தைத் தொட்டார்கள். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1337இல் இங்கே குடிவந்து வருடக்கணக்கில் இருந்து எழுதினார். நான் நேசிக்கிற இடம்தான். இருந்தாலும் உங்கள் ஞாயிற்றில் இதைச் சேர்க்கமாட்டேன். இளவேனில் மழைக்குப் பிறகு நீர் பொங்கி வழியும்போதுதான் இதன் முழு அழகு. ஜூன் கடைசியில் பெரும்பாலும் நீர்மட்டம் குகைக்குள் இறங்கிவிடும். கூட்டத்தில் ஏறிப்போய்க் குழியைப் பார்த்துவிட்டு வருவது ஏமாற்றமாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் இன்னொரு முறை வாருங்கள்.

பத்தேகாலுக்குச் சந்தையை விட்டுக் கிளம்புங்கள். ஜிபிஎஸ் உங்களை வேகமான சாலைக்கே இழுக்கும். அதற்கு அடங்காமல் கப்ரியேர்-தவிஞ்ஞோன் என்ற ஊரை இடையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மிஷ்லன் காகித வரைபடம் இருந்தால் எடுத்து வாருங்கள். அதில் ஓரத்தில் பச்சைக் கோடு போட்ட சாலைகள் கண்ணுக்கு அழகானவை என்று பொருள். நான் வழி தேர்ந்தெடுக்கப் பழகியதே அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துத்தான்.

கப்ரியேரைத் தாண்டும்போது மரங்களுக்கிடையே ஒரு பழைய கல்சுவர் சில இடங்களில் தென்படும். அது கொள்ளைநோய்ச் சுவர். 1720இல் மர்செய் துறைமுகத்தில் பிளேக் வந்தபோது, அவிஞ்ஞோனும் சுற்றுப்புறமும் பிரெஞ்சு அரசருடையவை அல்ல, போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதி. நோய் எல்லை தாண்டக்கூடாதென்று 1721இல் சில மாதங்களுக்குள் 27 கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பிக் காவல் போட்டார்கள். சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லை, கல்மேல் கல் அடுக்கியதுதான். இந்த வட்டாரத்தார் கையில் அந்த வித்தை இருக்கிறது. வயலிலிருந்து பொறுக்கிய தட்டைக் கற்களை அடுக்கி, கவிழ்த்த கூடைபோல ‘போரி’ என்ற குடிசைகளைக் கட்டினார்கள். கோர்த்துக்கு அருகே அவை ஒரு கிராமமாகவே பாதுகாக்கப்படுகின்றன. மகளுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் அங்கே இறங்கினால் வேறொன்றை விடவேண்டியிருக்கும்.

அடுத்தது கோர்த். வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள் பாறையைச் சுற்றிப் படிப்படியாக ஏறுகின்றன, உச்சியில் கோட்டை. இதன் முகம் முழுதாகத் தெரிவது ஊருக்குள் அல்ல. ஊருக்குச் சற்று முன்னால், கவாயோன் பக்கத்திலிருந்து வரும் சாலை வளைவில், எதிர்ப்பாறையில் நின்றால்தான் தெரியும். அங்கே ஓரமாக நிறுத்தி இறங்கிப் பாருங்கள். மகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், விளிம்பில் தடுப்பு கிடையாது. ஊருக்குள் போனால் கட்டண நிறுத்தம், மேடு, கூட்டம், விலை. ஜூலையில் ஒருமுறை பதினொன்றரைக்குப் போய் நிறுத்துமிடம் தேடி நாற்பது நிமிடம் சுற்றிவிட்டு, இறங்காமலே திரும்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு விருந்தினரோடு வரும்போது அந்த வளைவோடு சரி.

லாவண்டருக்கு வருவோம். கோர்த்திலிருந்து நாலு கிலோமீட்டரில் செனாங்க் மடாலயம். 1148இல் சிஸ்தெர்சியன் துறவிகள் நிறுவியது, இன்றும் துறவிகள் வாழ்கிறார்கள். சாம்பல் நிறக் கட்டடம், அதன் முன் வரிசை வரிசையாக லாவண்டர். படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் காட்சி அதுதான். ஜூன் கடைசியில் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும், முழுப் பூப்பு ஜூலையில். இறங்கிப்போகும் சாலை மிகக் குறுகலானது. மேலே இருந்து பள்ளத்தாக்கும் மடாலயமும் சேர்ந்து தெரியும் இடம் ஒன்று உண்டு, எனக்கு அந்தப் பார்வையே போதுமானதாக இருக்கிறது. உள்ளே போக விரும்பினால் ஞாயிறு காலை துறவிகளின் வழிபாட்டு நேரம் என்பதை மனதில் வைத்து, பார்வை நேரத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

கோர்த்தைத் தாண்டியபின் ரூசியோன் போகும் வழியிலும் ஊதா வயல்கள் அங்கங்கே வரும். பள்ளத்தாக்கில் காண்பவற்றில் பெரும்பாலானவை லாவண்டர் அல்ல, லாவண்டன். உண்மையான லாவண்டரும் அகன்ற இலை கொண்ட இன்னொரு வகையும் சேர்ந்து பிறந்த கலப்பினம். விதை முளைக்காது, துண்டு வைத்துத்தான் வளர்ப்பார்கள். அதனால்தான் எல்லாச் செடியும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் உருண்டையாக இருக்கின்றன. எண்ணெய் அதிகம் கிடைக்கும், வாசனை கொஞ்சம் கற்பூரம் சேர்ந்து காரமாக இருக்கும். உண்மையான லாவண்டர் உயரத்தில், சோ என்ற ஊர்ப்பக்கம் வளர்கிறது, பூப்பதும் தாமதம். அங்கே ஆகஸ்ட் 15 அன்று லாவண்டர் விழா நடத்துகிறார்கள். எந்த வயலானாலும் ஓரத்தில் நின்று பாருங்கள், வரிசைக்குள் இறங்காதீர்கள். ஒருவருடைய விளைச்சல் அது. தேனீக்களும் நிறைந்திருக்கும்.

பதினொன்றரைக்குள் ரூசியோன் சேர்ந்துவிட வேண்டும். இந்த நாளில் நான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வது இந்த ஊருக்குத்தான். பத்து கிலோமீட்டருக்கு முன்னால் எல்லாம் வெள்ளைக்கல். இங்கே திடீரென்று மண், பாறை, வீட்டுச் சுவர், எல்லாமே காவி. நம் மொழியில் காவி என்று சொல்லும் அதே பொருள்தான் இது. இரும்பின் துரு ஊறிய களிமண், மணலோடு கலந்து கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் இரும்புச்சத்துள்ள பச்சைக் கனிமத்தோடு மணல் படிந்தது. கடல் விலகியபின் வெப்பமண்டல மழை அதை அரித்து நிறத்தை மாற்றிவிட்டது. மண்ணை வெட்டி நீர் பாய்ச்சினால் கனமான மணல் கீழே தங்கும், மெல்லிய காவி நீரோடு ஓடித் தொட்டிகளில் படியும். வெயிலில் காயவைத்து வெட்டினால் மஞ்சள் காவி. அதையே சூளையில் சுட்டால் செங்காவி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே இது தொழிலாகத் தொடங்கி, பிறகு உலகத்துக்கே ஏற்றுமதியானது. செயற்கை நிறமிகள் வந்தபின் நசிந்தது. வெட்டியெடுத்த இடம்தான் இன்றைய காவிப் பாதை.

நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போனால் இரண்டு சுற்று. சிறியது ஏறக்குறைய 35 நிமிடம், பெரியது ஒரு மணி நேரத்துக்குள். பைன் மரங்களின் பச்சையும் மேலே நீலமும் நடுவில் ரத்தச் சிவப்பிலிருந்து இளமஞ்சள் வரை பாறைகளும் சேர்ந்து நிற்கும் அந்தக் காட்சியைப் பதினான்கு வருடத்தில் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை. ஒருமுறைகூட அலுக்கவில்லை. ஆனால் படிகள் நிறைய. மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் அவரை இறக்காதீர்கள். ஊருக்குள் மேட்டுப்பக்கம் போனால் உட்கார்ந்தபடியே பாறை முகத்தைப் பார்க்கலாம். ஒருவர் அவரோடு இருந்துவிட்டு மாறிக்கொள்ளுங்கள். வெள்ளை உடையும் வெள்ளைக் காலணியும் வேண்டாம், காவி ஒட்டினால் சீக்கிரம் போகாது. மகள் கைநிறைய அள்ளப் பார்ப்பாள். எடுத்துப்போக அனுமதியில்லை என்று முன்பே சொல்லி வையுங்கள்.

இந்த ஊரில் இன்னொருவர் நினைவும் எனக்கு வரும். அயர்லாந்து எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட், பாரிஸில் நாஜிகளுக்கு எதிரான இரகசியக் குழுவில் இருந்தவர். குழு காட்டிக்கொடுக்கப்பட்டதும் தப்பி வந்து, 1942 முதல் இந்தப் பகுதி விடுதலையாகும்வரை இங்கே மறைந்திருந்தார். பண்ணைகளில் வேலை செய்து பிழைத்தார்.

ஒரு மணி போல ரூசியோனை விட்டுத் தெற்கே இறங்குங்கள். பத்து நிமிடத்தில் போன் ஜூலியன் வரும். கி.மு. 3ஆம் ஆண்டு வாக்கில் ரோமர்கள் கட்டிய மூன்று வளைவுப் பாலம். இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்குப் போன தொமித்தியா பெருவழி இதன் மேல்தான் போனது. 2005 வரை கார்களும் இதிலேயே ஓடின. பிறகு பக்கத்தில் புதுப்பாலம் போட்டு இதற்கு ஓய்வு கொடுத்தார்கள். இன்று நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும். தூண்களில் திறப்புகள் வைத்திருப்பதைக் கவனியுங்கள். கோடையில் காய்ந்துகிடக்கும் கலவோன் மழையில் வெறிகொண்டு வரும். அந்த வெள்ளம் முட்டிமோதாமல் கடந்துபோகத்தான் அந்தத் திறப்புகள். இந்தப் பாலத்தருகே மர நிழலில் துணி விரித்துச் சாப்பிடுவது என் வழக்கம். மெலனை அறுங்கள், மிச்சத்தைப் பையில் கட்டி எடுத்து வாருங்கள். காரில் பை, கேமரா எதையும் வெளியே தெரிய வைத்துவிட்டுப் போகவேண்டாம். சுற்றுலாப் பயணிகள் நிறுத்தும் இடங்களில் கண்ணாடி உடைப்பு நடக்கிறது.

காலையில் வடக்குக் கரை, பிற்பகலில் தெற்குக் கரை என்று நான் பிரித்திருப்பதற்குக் காரணம் உண்டு. தெற்குக் கரையில் நின்றால் பார்வை வடக்கே போகும், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். எதிரே நீங்கள் காலையில் கடந்துவந்த ரூசியோனின் சிவப்பும் கோர்த்தின் வெள்ளையும் அவற்றுக்கும் பின்னால் 1900 மீட்டருக்கு மேல் உயர்ந்த வாந்தூ மலையின் மொட்டை உச்சியும் வெயில்பட்டுத் துலக்கமாக நிற்கும். உச்சியில் வெண்மையாகத் தெரிவது பனியல்ல, சுண்ணாம்புக்கல் சரளை. பொன்னியோ ஊரின் மேட்டிலிருந்து இந்தக் காட்சி மிக நன்றாகக் கிடைக்கும். காலையில் பார்த்த ஊர்களை மாலையில் தூரத்திலிருந்து அடையாளம் கண்டு மகளுக்குக் காட்டுவது ஒரு சுகம்.

ஆனால் பிற்பகல் இரண்டரைக்கு வெயில் உச்சம், 30 பாகைக்கு மேல் போகும். அந்நேரம் பொன்னியோவில் ஏறவேண்டாம். அதற்கு மேலே பத்துப் பதினைந்து நிமிடத்தில் தேவதாரு வனம் இருக்கிறது. 1860களில் அல்ஜீரியாவின் அட்லஸ் மலையிலிருந்து விதை கொண்டுவந்து நட்டது. இன்று நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். 700 மீட்டர் உயரத்தில் நிழலும் காற்றும் உண்டு, பாதை ஏறக்குறைய சமதரை. மாமியார் நடக்கலாம், மகள் ஓடலாம். ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்துவிட்டு நாலரைக்குப் பொன்னியோ இறங்கினால் வெளிச்சமும் சாய்ந்திருக்கும்.

ஒரு நிபந்தனை. கோடையில் காட்டுத்தீ அபாயம் அதிகமான நாட்களில் காடுகளுக்குள் போக மாவட்ட நிர்வாகம் தடை போடும். வோக்ளூஸ் மாவட்டத்தின் அந்த அறிவிப்பைச் சனி மாலையே பாருங்கள். தடை இருந்தால் அந்த ஒன்றரை மணி நேரத்தை ஊர் மரநிழலிலோ மதுப்பண்ணைக் கூடத்திலோ கழியுங்கள். பண்ணை வாசலில் சுவைத்துப் பார்க்க அழைக்கும் பலகை இருக்கும். ஓட்டுபவர் மட்டும் தொடவேண்டாம். இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2. ஞாயிறு பிற்பகல் காவலர்கள் ஊதச் சொல்வது இங்கே சாதாரணம்.

தீ அபாயத்தைக் கூட்டுவது மிஸ்த்ரால் என்ற வடகாற்று. வறண்டது, நாள் கணக்கில் விடாமல் அடிக்கும். அந்தக் காற்றுக்குத்தான் இந்த நிலமே வடிவம் எடுத்திருக்கிறது. வழியில் கவனித்துப் பாருங்கள். பழைய பண்ணை வீடுகளின் வடக்குச் சுவரில் ஜன்னல் இருக்காது, இருந்தாலும் கையகலம்தான். தோட்டங்களின் காற்றுவரும் பக்கம் சைப்ரஸ் மரங்கள் மதில்போல் நெருக்கமாக நிற்கும். மாதாகோயில் மணிக்கூண்டின் உச்சி கல்லால் இல்லாமல் இரும்புக் கம்பிக் கூண்டாக இருக்கும், காற்று ஊடுருவிப் போகட்டும் என்று. மிஸ்த்ரால் அடித்தால் நாள் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். வானம் துடைத்துவிட்டதுபோல் ஆகி வாந்தூ கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். மாமியாருக்கு மட்டும் தலைக்கு ஒரு சால்வை எடுத்து வாருங்கள்.

பொன்னியோவுக்குப் பின் சாலை மலையடிவாரத்தில் மேற்கே வளைந்து வளைந்து போகிறது. முதலில் லாக்கோஸ்த், மேலே 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் சாத் பிரபுவின் சிதைந்த கோட்டை. கார் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே போகலாம். அடுத்து மெனெர்ப், குறுகலான பாறை முதுகில் கப்பல்போல் நீண்டு கிடக்கும் ஊர். ஆறு மணிக்குள் அங்கே சேர்ந்தால் பகல் கூட்டம் வடிந்திருக்கும். தெருவின் ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், மறுபக்கம் லுபெரோன் காடு. தெரு குறுகல் என்பதால் இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஒரு மணி நேரம் சும்மா நடங்கள். எதையும் பார்த்து முடிக்கவேண்டிய ஊர் அல்ல அது.

உங்கள் வழியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பலர் பொன்னியோவிலிருந்து மலையைக் குறுக்கே கடந்து லூர்மாரன் போகச் சொல்வார்கள். எழுத்தாளர் ஆல்பெர் காம்யு வாழ்ந்து, 1960இல் கார் விபத்தில் இறந்தபின் அடக்கமான ஊர். அழகானதும்கூட. ஆனால் மலைப்பிளவுக்குள் போகும் அந்தச் சாலை ஓயாத வளைவு. பின்சீட்டில் குழந்தைக்கு வாந்தி வரும், திரும்பி வருவதும் சுற்று. லூர்மாரனின் சந்தை வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வந்தால் அது சரியான வழி.

மெனெர்பிலிருந்து கூஸ்தெலே வழியாக அவிஞ்ஞோன் நாற்பது, ஐம்பது நிமிடம். ஜூன் கடைசியில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அவசரமில்லை. இரவுச் சாப்பாட்டை மட்டும் யோசித்து வையுங்கள். ஞாயிறு இரவு உணவகங்களில் பல மூடியிருக்கும். காலைச் சந்தையில் ரொட்டியும் பழமும் கூடுதலாக வாங்கியிருந்தால் அறையிலேயே முடித்துவிடலாம். யாருக்காவது மருந்து தேவைப்பட்டால் 3237க்கு அழைத்தால் திறந்திருக்கும் மருந்துக்கடையைச் சொல்வார்கள்.

பெட்ரோல் பங்குகளில் ஞாயிறன்று ஆள் இருக்காது, கார்டு போடும் இயந்திரம் வேலை செய்யும். மச்சான் நிரப்பப் போனால் கூடப் போங்கள். ‘கஸோல்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பெட்ரோல் என்று நினைத்துவிடுவார், அது டீசல். உங்கள் கார் எது குடிக்கும் என்பது எரிபொருள் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும்.